ஸ்டீயரிங்கில் முனகல், முன்பக்கம் 'டக்' சத்தம்: எதை முதலில் பார்ப்பது?

நீங்கள் எழுதியதைச் சுருக்கிச் சொல்கிறேன். கேத்தியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப் போகிற பிக்கப். 2017 மாடல், ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங், முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். காலையில் வண்டியை எடுத்து ஸ்டீயரிங்கை ஒடித்தால் ஒரு முனகல் வருகிறது, கொண்டை ஊசி வளைவுகளில் அது கூடுகிறது. இறக்கத்தில் மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது இடது முன்பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம். மூன்று மாதத்தில் இரண்டு முறை ஸ்டீயரிங் ஆயில் ஊற்றியிருக்கிறீர்கள். ஒரு பட்டறையில் ரேக்கை (ஸ்டீயரிங்கைத் திருப்புவதைப் பக்கவாட்டு அசைவாக்கிச் சக்கரங்களைத் திருப்புகிற பாகம்) முழுசாக மாற்ற வேண்டும், 40,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். இன்னொரு பட்டறையில் ஸ்டீயரிங் ஆயிலைத் தள்ளுகிற பம்ப் போய்விட்டது என்கிறார்கள். யார் சொல்வது சரி என்பது உங்கள் கேள்வி. அதற்குள் நீங்கள் கேட்காத இன்னொரு கேள்வியும் இருக்கிறது: முடிவு தெரியும்வரை இந்த வண்டியில் லோடு ஏற்றி மலை இறங்கலாமா? நான் அதிலிருந்துதான் தொடங்குவேன்.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்துவிட்டுப் பல வருடமாகப் பிக்கப்பும் மினி லாரியுமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் வேலைதான் அதில் அதிகம். ஆனாலும் சத்தத்தைக் காதால் கேட்காமல், வண்டிக்கு அடியில் கை வைக்காமல் 'இந்தப் பார்ட்தான்' என்று என்னால் சொல்ல முடியாது. எது நிச்சயம், எது சந்தேகம், எதை நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் நிச்சயமானவை. உங்களுக்கு வருவது இரண்டு வேறு சத்தங்கள், அநேகமாக இரண்டு வேறு கோளாறுகள். முனகல் எண்ணெய் அழுத்தம் சம்பந்தப்பட்டது. 'டக்' என்பது எங்கோ ஒரு இரும்பு இணைப்பில் ஆட்டம் இருப்பதால் வருவது. முனகல் உரக்கக் கேட்பதால் உங்கள் கவனமும் இரண்டு பட்டறைகளின் கவனமும் அதன் மேல் போயிருக்கிறது. எனக்குக் கவலை அந்தச் சின்ன 'டக்' மேல்தான். பம்ப் முழுவதும் செத்துப்போனாலும் ஸ்டீயரிங் ராடும் சக்கரமும் இரும்பால் இணைந்தே இருக்கும். ஸ்டீயரிங் கல்லாகக் கனக்கும், ஆனால் வண்டி திரும்பும். ரேக்கிலிருந்து சக்கரத்துக்குப் போகிற ராடின் நுனியான டை ராட் எண்டோ, சக்கரத்தைப் பிடித்திருக்கிற பந்து மூட்டான பால் ஜாயிண்டோ கழன்றால் அப்படி இல்லை. ஒரு சக்கரம் உங்கள் கட்டுப்பாட்டை விட்டே போய்விடும். கீழே பள்ளத்தாக்கு இருக்கிற ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு எதை முதலில் பார்க்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே 'டக்' சத்தத்தை எடுத்துக்கொள்வோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடுங்கள். லோடு இருக்கக் கூடாது. ஜாக்கி மட்டும் தாங்கி நிற்கிற வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்ட் இல்லையென்றால் தூக்கிப் பார்க்கிற சோதனையைப் பட்டறையில் வைத்துக்கொள்ளுங்கள். தூக்காமல் செய்கிற ஒரு சோதனை இருக்கிறது, அதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

சக்கரங்கள் தரையில் இருக்கட்டும். கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக ஒரு கையளவு மட்டும் சின்னச் சின்னதாக, சற்று வேகமாக ஆட்ட வேண்டும். ஃபுல் கட் (ஒரு கோடிவரை முழுசாக ஒடிப்பது) வேண்டாம். நீங்கள் சக்கரத்துக்குப் பின்னால், வண்டிக்கு வெளியிலிருந்தே கையை நீட்டி ஒவ்வொரு இணைப்பையும் பிடித்துப் பாருங்கள். இதில் கண்ணைவிடக் கை நன்றாகச் சொல்லும். டை ராட் எண்டின் மேல் விரல்கள் ஒரே நேரத்தில் ராடையும் சக்கரத்தின் பக்கமுள்ள இரும்புக் கையையும் தொடுகிற மாதிரி வையுங்கள். நல்ல ஜாயிண்ட் என்றால் இரண்டும் ஒன்றாக நகரும். தேய்ந்ததில் ராட் முதலில் நகர்ந்து, ஒரு கணம் கழித்து 'டிக்' என்று விரலில் தட்டிவிட்டுத்தான் அடுத்தது நகரும். அந்தத் தட்டல் கிடைத்தால் அந்த இடத்தில் தேய்மானம் இருப்பது உறுதி, மேலே யோசிக்க வேண்டியதில்லை. அதே மாதிரி ரேக்கின் இரண்டு பக்க ரப்பர் பெல்லோஸையும் (மடிப்பு மடிப்பான உறை) லேசாகப் பிடித்து உள்ளே இருக்கிற ரேக் எண்டை (ரேக்கோடு டை ராட் சேருகிற மூட்டு) உணருங்கள். ரேக் சேசிஸில் மாட்டியிருக்கிற ரப்பர் புஷ்களில் ரேக் முழுவதுமாகப் பக்கவாட்டில் தள்ளாடுகிறதா என்பதையும் பாருங்கள். நூலளவு அசைவு ரப்பர் புஷ்ஷுக்கு இயல்பு, கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ரேக்கே நகர்ந்தால் புஷ் போய்விட்டது. புஷ் மட்டும் தனியாக மாற்றலாம், அதற்காக ரேக்கை மாற்றச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது பட்டறையில், சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பது. உங்கள் வண்டியைப் போல ஸ்பிரிங் கீழ்க் கையின் (சக்கரத்தைச் சேசிஸோடு இணைக்கிற கீழ்ப்பக்க இரும்புக் கை) மேல் உட்கார்ந்திருந்தால், ஜாக்கியைச் சேசிஸுக்குக் கொடுத்தால் ஸ்பிரிங் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கும், கீழ் பால் ஜாயிண்டில் இருக்கிற ஆட்டம் வெளியே தெரியாது. ஜாக்கியைக் கீழ்க் கையின் அடியில், சக்கரத்துக்குப் பக்கத்தில் கொடுத்துத் தூக்க வேண்டும். தேய்ந்த பால் ஜாயிண்டை 'நல்லா இருக்கு' என்று திருப்பி அனுப்புவது பெரும்பாலும் இந்த ஒரு காரணத்தால்தான். தூக்கிய பிறகு டயரைக் கடிகாரத்தின் 12, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியுமாக ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். பிரேக் பிடித்ததும் ஆட்டம் மறைந்தால் வீல் பேரிங், மறையாமல் இருந்தால் பால் ஜாயிண்ட். பிறகு 9, 3 மணி இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். 12, 6-இல் ஒன்றும் இல்லாமல் இங்கே மட்டும் ஆடினால் டை ராட் எண்டு, ரேக் எண்டு அல்லது ரேக்கின் உள்பக்கம். கடைசியாக, டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக மேலே நெம்பிப் பாருங்கள். பால் ஜாயிண்ட் மேலும் கீழும் குதித்தால் அன்றைக்கே மாற்றுங்கள்.

டை ராட் எண்டிலும் பால் ஜாயிண்டிலும் குளிர் மழையில் முதலில் போவது அதன் ரப்பர் தொப்பிதான். அது கிழிந்ததும் கிரீஸ் வெளியே வரும், ரோட்டு மணலும் தண்ணீரும் உள்ளே போகும். கிழிந்த தொப்பியைப் பார்த்தால் இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அது கொஞ்ச நாளைக்குத்தான். வெளியிலிருந்து கிரீஸ் அடைத்துவிட்டால் சத்தம் போகும், தேய்மானம் போகாது.

சரி, ஸ்டீயரிங் இணைப்புகள் எல்லாம் இறுக்கமாக இருக்கின்றன, ஆனாலும் பள்ளத்தில் 'டக்' வருகிறது என்றால்? அப்போது நல்ல செய்திக்கு வாய்ப்பு அதிகம். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது என்று சொல்லவில்லை, பள்ளத்தில் இறங்கும்போது என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். ஒரு சக்கரம் மட்டும் இறங்கி ஏறும்போது வருகிற சின்ன 'டக்'கிற்கு ஸ்டெபிலைசர் லிங்க்கும் (வளைவில் வண்டி சாயாமல் தடுக்கிற கம்பியின் இணைப்பு) அதன் புஷ்களும் மிகவும் பழக்கமான காரணம். விலையும் குறைவு, ஆபத்தும் குறைவு. லிங்க்கை இரண்டு பக்கமும் கழற்றி ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு, லோடு இல்லாமல், பட்டறைக்குப் பக்கத்திலேயே மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தால் சத்தம் நின்றதா இல்லையா என்று தெரிந்துவிடும். அதே நிலையில் மலை இறங்க வேண்டாம், வளைவில் வண்டி சாயும். ஷாக் அப்சார்பர் மேல் புஷ், கீழ்க் கையின் புஷ், பிரேக் காலிப்பரின் (பிரேக் பேடை அழுத்துகிற பாகம்) தளர்ந்த பின், இவையும் இதே சத்தம் தரும். காலிப்பர் என்றால் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டு அதே பள்ளத்தில் இறங்கினால் சத்தம் நின்றுவிடும். இதற்கெல்லாம் முன்னால் வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். இதைச் சொல்லவே தேவையில்லை என்று தோன்றும், ஆனால் பஞ்சர் ஒட்டிய இடத்தில் சரியாக இறுக்காமல் விட்ட வண்டிகள் 'ஸ்டீயரிங் சத்தம்' என்றுதான் பட்டறைக்கு வரும்.

கூடவே ஒரு வேண்டுகோள். வாட்டர் வாஷுக்கு விடும்போது அடியில் டீசலோ கழிவு ஆயிலோ அடிக்கச் சொல்லாதீர்கள். இரும்புக்கு ஒன்றும் ஆகாது. ரப்பர் புஷ் அதைக் குடித்து ஊதிப்போய்ப் பிசுபிசுவென்று ஆகிவிடும். அடித்த ஒரு வாரம் சத்தம் அடங்கியிருக்கும், அதனால்தான் இந்தப் பழக்கம் நிற்காமல் இருக்கிறது. எந்தப் புஷ் கத்துகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமென்றால் ஒவ்வொன்றாகத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். தெளித்ததும் எந்த இடத்தில் கிறீச்சென்ற சத்தம் அடங்குகிறதோ அதுதான்.

இப்போது முனகலுக்கு வருவோம். எஞ்சின் பெல்ட்டால் சுற்றுகிற ஒரு பம்ப், மேலே ஒரு சின்ன ஆயில் டப்பா, அழுத்தம் போகிற ஹோஸ், ரேக், திரும்பி வருகிற ஹோஸ், இவ்வளவுதான் இந்த அமைப்பு. நேராகப் போகும்போது எண்ணெய் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் ஒடிக்கும்போதுதான் ரேக்கில் இருக்கிற வால்வு வழியை அடைத்து ஒரு பக்கமாகத் தள்ளும், அப்போது அழுத்தம் ஏறும். ஃபுல் கட்டில் இந்த ரக வண்டிகளில் அது சுமார் 80 பாரைத் தாண்டும். உங்கள் முன்டயரில் இருக்கிற காற்றோடு ஒப்பிட்டால் முப்பது மடங்குக்கு மேல். அந்த இடத்தில் பம்பில் இருக்கிற ஒரு வால்வு திறந்து அழுத்தத்தை விடுவிக்கும். அதனால் ஃபுல் கட்டில் 'உஸ்' என்றோ லேசான முனகலோ வருவது எல்லா ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கிலும் உண்டு, அது கோளாறு அல்ல. அப்படியே ஐந்து விநாடிக்கு மேல் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது, ஆயில் வேகமாகச் சூடாகிப் பம்பைத் தின்றுவிடும். கொண்டை ஊசி வளைவில் ஃபுல் கட் போட்டதும் ஒரு விரல் அளவு பின்னால் விட்டுப் பாருங்கள். முனகல் உடனே அடங்கினால் நீங்கள் கேட்பதில் ஒரு பகுதி இந்த இயல்பான சத்தம்தான். வண்டி நின்றிருக்கும்போது லோடோடு ஒடிப்பதையும் தவிருங்கள். சக்கரம் கொஞ்சம் உருளட்டும், பிறகு ஒடியுங்கள். பம்புக்குப் பாதி வேலை மிச்சமாகும்.

காலை நேரக் குளிரும் ஒரு காரணம். ஊட்டிப் பக்கம் விடிகாலையில் ஆயில் கெட்டியாக இருக்கும், முதல் ஓரிரு நிமிடம் பம்ப் முனகும், பிறகு அடங்கும். சூடான பிறகும் இருக்கிறது, வளைவுகளில் கூடுகிறது என்றால் பம்புக்குள் காற்று போகிறது அல்லது ஆயில் போதவில்லை. பம்ப் உறிஞ்சும்போது குமிழிகள் கூடவே வந்து, அழுத்தப் பக்கம் போனதும் நசுங்கி உடையும். அந்த உடைப்புதான் முனகலாகக் கேட்கிறது. நீங்கள் இரண்டு முறை ஆயில் ஊற்றியிருப்பதாலேயே இந்தப் பக்கம் என் சந்தேகம் பலமாகிறது.

ஒன்று நிச்சயம். இது மூடிய அமைப்பு, எஞ்சின் ஆயில் மாதிரி எரிந்து குறைய வழியில்லை. குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. எங்கே என்று தெரியாமல் பம்பையோ ரேக்கையோ மாற்றுவது கண்ணைக் கட்டிக்கொண்டு செய்கிற வேலை. எஞ்சினை நிறுத்தி, ஆயில் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் நல்ல சிவப்பாகத் தெளிவாக இருந்தால் நல்லது. பால் கலந்த மாதிரி நுரைத்திருந்தால் காற்று கலந்திருக்கிறது. கறுத்துக் கருகல் வாடை அடித்தால் சூட்டில் கெட்டுவிட்டது. ஒரு சொட்டை வெள்ளைத் தாளில் விட்டு வெயிலில் சாய்த்துப் பாருங்கள், பொடிப்பொடியாக மினுமினுத்தால் பம்போ ரேக்கோ உள்ளே தேய்கிறது. டப்பாவின் அடியில் பெரும்பாலான வண்டிகளில் ஒரு வலை இருக்கும். அது அழுக்கில் அடைத்துக்கொண்டாலும் பம்ப் மூச்சுத் திணறி இதே மாதிரி முனகும். டப்பாவைக் கழற்றிச் சுத்தம் செய்வது அரைமணி நேர வேலை.

பிறகு ஒழுகலைத் தேடுங்கள். டப்பாவிலிருந்து பம்புக்கு வருகிற உறிஞ்சும் ஹோஸின் கிளிப்பை முதலில் பாருங்கள். இந்த இடத்தில் ஒரு வஞ்சகம் உண்டு: உள்ளே உறிஞ்சுகிற பக்கம் என்பதால் கிளிப் தளர்ந்திருந்தால் ஆயில் வெளியே வராமலேயே காற்று உள்ளே போகும். ஈரமே இல்லை என்று விட்டுவிடாமல் இறுக்கிப் பாருங்கள், ரப்பர் கட்டியாகி வெடித்திருந்தால் ஹோஸை மாற்றுங்கள். அடுத்து, அழுத்த ஹோஸில் ரப்பரும் இரும்பும் சேருகிற இடம், பம்பின் முன் சீல். கடைசியாக ரேக்கின் இரண்டு பக்க பெல்லோஸ். அதைக் கையால் அமுக்கிப் பாருங்கள். உள்ளே கொழகொழவென்று ஆயில் இருந்தால் ரேக்கின் ஓர சீல் போய்விட்டது.

அப்படி பெல்லோஸுக்குள் ஆயில் இருந்தால் ரேக் என்று சொன்ன பட்டறை தவறாகச் சொல்லவில்லை. அப்போதும் புது ரேக்தான் வழி என்று நினைக்க வேண்டாம். ரேக் ராடில் துருவோ கோடோ இல்லாமல் இருந்தால் சீல் கிட் போட்டுச் சரிசெய்யலாம். கோவையில் இந்த வேலையை மட்டுமே செய்கிற பட்டறைகள் இருக்கின்றன. ராடில் துருப்புள்ளி விழுந்திருந்தால் புது சீலையும் அது சீக்கிரமே அறுத்துவிடும், அந்த நிலையில் முழு ரேக்குக்குச் செலவு செய்வது நியாயம். பெல்லோஸ் காய்ந்திருக்கிறது, ஒடிக்கும்போது எங்கும் சிக்கவில்லை, ஆட்டச் சோதனையிலும் ரேக்கில் தட்டல் இல்லை என்றால் அந்த 40,000 ரூபாயைக் கொடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

பம்பைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காற்றால் வருகிற முனகலும் தேய்ந்த பம்பின் முனகலும் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான், அனுபவம் உள்ளவர்களும் ஏமாறுவார்கள். அதனால் வரிசை முக்கியம்: ஒழுகலை அடைத்து, ஆயிலை மாற்றி, காற்றை வெளியேற்றி, அதன் பிறகும் முனகினால்தான் பம்ப். அந்த நிலையில் பட்டறையில் பிரஷர் கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பம்ப் தரவேண்டிய அழுத்தம் வண்டியின் சர்வீஸ் கையேட்டில் இருக்கும். அதைத் தராவிட்டால் பம்ப் போய்விட்டது என்பதில் விவாதமே இல்லை. அதற்கு முன்னால், ஸ்டீயரிங்கைத் தொடாமல் நியூட்ரலில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்துப் பாருங்கள். ஒடிக்காமலேயே சத்தம் எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கினால் பம்போடு ஆல்டர்நேட்டர் பேரிங்கையும் பெல்ட் டென்ஷனர் உருளையையும் சந்தேகப்பட வேண்டும்.

முனகல் இல்லாமல் 'கீச்' என்ற கூர்மையான சத்தம் என்றால் அது பெல்ட். மழைக்காலக் காலையில், ஃபுல் கட்டில் அதிகம் வரும். எஞ்சின் ஐடிலில் ஓடும்போது பெல்ட்டின் உள்பக்கத்தில் ஸ்பிரே பாட்டிலால் எட்ட நின்று கொஞ்சம் தண்ணீர் அடியுங்கள். சத்தம் ஒரு கணம் நின்று திரும்ப வந்தால் புல்லி வரிசை கோணலாக இருக்கிறது அல்லது பெல்ட் பளபளத்துப்போயிருக்கிறது. சத்தம் கூடினால் இறுக்கம் போதவில்லை. தோளில் துண்டோ தொங்குகிற சட்டைக்கையோ இருந்தால் அதை முதலில் எடுத்துவிடுங்கள், ஓடுகிற பெல்ட் கையையும் சேர்த்து இழுத்துவிடும்.

காற்று எடுப்பதை நீங்களே செய்யலாம். ஆயில் எது என்பது டப்பா மூடியிலோ கையேட்டிலோ எழுதியிருக்கும். இந்த ரக வண்டிகள் பலவற்றில் டெக்ஸ்ரான் வகை ஏடிஎஃப் (ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயில்), அதுதான் சிவப்பாக இருப்பது. நீங்கள் இரண்டு முறை ஊற்றியது எது என்று எழுதவில்லை. தப்பித் தவறி பிரேக் ஆயிலை ஊற்றியிருந்தால் உடனே சொல்லுங்கள், அது இந்த சீல்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும், வண்டியை ஓட்டாமல் முழுவதையும் கழுவி எடுக்க வேண்டியிருக்கும். முன்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, டப்பாவில் ஆயிலை நிரப்பி, எஞ்சினை ஓட்டாமல் ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு மெதுவாகப் பதினைந்து இருபது முறை திருப்புங்கள். ஆயில் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே இருங்கள், டப்பா காலியாகிவிட்டால் மறுபடி முதலிலிருந்து. குமிழி வருவது நின்ற பிறகு எஞ்சினை ஓடவிட்டு, கோடிகளில் நிறுத்தாமல் மறுபடி சில முறை. பலர் முதலிலேயே எஞ்சினை ஓடவிட்டுத் திருப்புகிறார்கள். அப்போது பம்ப் காற்றையும் ஆயிலையும் கடைந்து நுரையாக்கிவிடும், அந்த நுரை அடங்க மணிக்கணக்காகும். நுரைத்துவிட்டால் நிறுத்திவிட்டு, மறுநாள் காலை தொடருங்கள்.

கேபினுக்குள்ளிருந்து வருகிற சத்தங்களும் உண்டு, அவை பெரும்பாலும் ஆளை மிரட்டுவதோடு சரி. ஒடிக்கும்போது ஸ்டீயரிங் வளையத்துக்குப் பின்னால் சரசரவென்று உரசினால் பிளாஸ்டிக் மூடியோ உள்ளே இருக்கிற ஹாரன் வயர் சுருளோ. காலடியில், ராட் எஞ்சின் பக்கம் போகிற இடத்தில் கிறீச்சென்றால் அந்த ரப்பர் உறை, சிலிகான் கிரீஸ் கொஞ்சம் தடவினால் போதும். ஆனால் ஒடிக்கும்போது கையில் 'டிக்' என்று தட்டினால் ஸ்டீயரிங் ராடில் இருக்கிற யூனிவர்சல் ஜாயிண்டைக் கட்டாயம் பாருங்கள். அங்கே போல்ட் தளர்ந்திருந்தால் அதுவும் டை ராட் எண்டுக்கு இணையான ஆபத்து. ஒடித்துக்கொண்டே ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது 'கட கட கட' என்று வரிசையாக வருவது முன் ஆக்சில் சிவி ஜாயிண்ட் (முன்சக்கரத்துக்கு எஞ்சின் இழுவையைக் கொண்டுபோகிற மூட்டு). அது ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்குத்தான், பின்சக்கரம் மட்டும் இழுக்கிற பிக்கப்பில் அந்தப் பாகமே கிடையாது.

முன்னாலும் பட்டை போட்ட, ஸ்டீயரிங் பாக்ஸ் உள்ள பிக்கப் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்களுக்குப் பார்க்க வேண்டிய இடங்கள் கொஞ்சம் வேறு. பாக்ஸைச் சேசிஸில் பிடித்திருக்கிற போல்ட்டுகள், டிராப் ஆர்ம் நட்டு, டிராக் லிங்க்கின் இரண்டு முனைகள், கிங் பின், பட்டையின் யு போல்ட், ஷேக்கிள் புஷ். கையால் பிடித்து ஆட்டுகிற அதே சோதனைதான். ஒன்று மட்டும் கவனம்: பாக்ஸின் மேல் இருக்கிற அட்ஜஸ்ட் ஸ்குரூவைத் திருகி 'டைட் வைத்துத் தருகிறேன்' என்று யாராவது சொன்னால், மற்ற இணைப்புகளை எல்லாம் பார்த்து முடித்த பிறகு என்று சொல்லுங்கள். அதிகமாக இறுக்கினால் ஆட்டம் மறைந்த மாதிரி இருக்கும், வளைவு முடிந்து ஸ்டீயரிங் தானாக நேராகத் திரும்பாது, உள்ளே பல்லும் தேய்ந்துவிடும். ரேக்கின் அடியில் இருக்கிற அட்ஜஸ்ட் நட்டுக்கும் இதுவே பொருந்தும்.

டை ராட் எண்டோ பால் ஜாயிண்டோ மாற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். ஸ்பிளிட் பின் போடுகிற ஓட்டை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக் கூடாது. பழைய பின்னை நிமிர்த்திப் போட விடாதீர்கள், புதுசு சில ரூபாய்தான். டை ராட் எண்ட் மாற்றினால் வீல் அலைன்மென்ட் கட்டாயம், இல்லாவிட்டால் முன்டயர் ஓரம் தின்றுபோய்விடும்.

உங்கள் நிலையில் நான் இருந்தால், அந்த ஆட்டச் சோதனையையும் பட்டறையில் சக்கரத்தைத் தூக்கிப் பார்ப்பதையும் நாளைக்கே செய்வேன், அதுவரை லோடோடு கீழே இறங்க மாட்டேன். டை ராட் எண்டு, பால் ஜாயிண்ட், ஸ்டீயரிங் ராடின் யூனிவர்சல் ஜாயிண்ட் மூன்றிலும் தட்டலோ ஆட்டமோ இல்லையென்றால், ஆயில் அளவைத் தினமும் பார்த்துக்கொண்டு மெதுவாக ஓட்டலாம், முனகலை நிதானமாகத் தேடலாம். பார்த்துவிட்டு எழுதுங்கள்: ஆயில் என்ன நிறம், பெல்லோஸ் ஈரமா காய்ந்ததா, இரண்டு முறை ஊற்றியது எந்த ஆயில், பிரேக்கைத் தொட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கினால் 'டக்' வருகிறதா. இந்த நான்கும் தெரிந்தால் ரேக்கா, பம்பா, ஒரு கிளிப்பா என்று இன்னும் தெளிவாகச் சொல்ல முடியும்.